டேடோனா 500: இடப்பக்கம் மட்டுமே திரும்பும் கார் பந்தயம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேடோனா 500 என்பது என்ன?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டேடோனா பீச் என்னும் கடற்கரை நகரில், ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதம் நடக்கும் ஸ்டாக் கார் பந்தயம் இது. ஸ்டாக் கார் பந்தயங்களுக்கான நாஸ்கார் அமைப்பு நடத்தும் முதன்மைத் தொடரான கப் தொடரின் முதல் பந்தயமும், மிகப் பெரிய பந்தயமும் இதுவே. மற்ற விளையாட்டுகள் தம் மிகப் பெரிய போட்டியைப் பருவத்தின் இறுதியில் வைத்துக்கொள்ளும். நாஸ்கார் மட்டும் 1982 முதல் அதைத் தொடக்கத்திலேயே நடத்திவிடுகிறது. தூரம் 500 மைல், அதாவது சுமார் 805 கிலோமீட்டர். தளத்தின் ஒரு சுற்று இரண்டரை மைல் என்பதால், 200 சுற்றுகள் ஓட வேண்டும். ஏறத்தாழ 40 கார்கள் ஒன்றாகப் புறப்படும். இடையூறுகள் எத்தனை என்பதைப் பொறுத்துப் பந்தயம் முடிய மூன்றரை மணி நேரம்கூட ஆகலாம். வென்றவருக்குக் கிடைப்பது ஹார்லி ஜே. ஏர்ல் கோப்பை.

'ஸ்டாக் கார்' என்றால் கடையில் விற்கும் கார்தானா?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. விற்பனையாளரின் இருப்பில் உள்ள காரையே எடுத்து வந்து ஓட்ட வேண்டும் என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. 1949 ஜூன் 19 அன்று வட கரோலைனாவின் சார்லட் நகரில் நாஸ்கார் நடத்திய முதல் 'கண்டிப்பான ஸ்டாக்' பந்தயத்தில் முதலில் கோட்டைத் தாண்டியவர் கிளென் டன்னவே. பந்தயத்திற்குப் பிறகு அவருடைய ஃபோர்டு காரைச் சோதித்தபோது, பின்பக்க வில்கள் மாற்றி அமைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அவரைத் தகுதிநீக்கம் செய்து, லிங்கன் கார் ஓட்டிய ஜிம் ரோப்பரை வெற்றியாளராக அறிவித்தார்கள். அந்த வில்களை யார், எதற்காக மாற்றுவார்கள் என்பது அடுத்த கேள்விக்கு உரியது.

இன்றைய காருக்கும் தெருவில் ஓடும் காருக்கும் உள்ள உறவு முகச்சாயல் அளவிலானதே. ஷெவர்லே, ஃபோர்டு, டொயோட்டா ஆகிய மூன்று நிறுவனங்களின் தோற்றத்தில் கார்கள் ஓடுகின்றன. உள்ளே இருப்பது இரும்புக் குழாய்களால் ஆன கூண்டு. கதவு கிடையாது, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். வசதிக்காக ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். முகப்பு விளக்குகள் இருப்பதுபோல் தெரியும், அவை ஒட்டுப்படங்கள். 2022-இல் அறிமுகமான புதிய தலைமுறைக் காரில் மேலுடல் கலப்புப் பொருளால் ஆனது. சக்கரத்தை ஐந்து நட்டுகளுக்குப் பதிலாக நடுவே ஒரே ஒரு நட்டு பிடித்துக்கொள்கிறது. எஞ்சின் மட்டும் பழைய மரபை விடாமல், 5.86 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சினாகவே நீடிக்கிறது. மைலேஜ் கேட்பவர்களுக்கு: லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும்.

இந்தப் பந்தயம் கள்ளச்சாராயக் கடத்தலில் பிறந்தது என்பது உண்மையா?

முழு உண்மை அல்ல. ஆனால் கட்டுக்கதையும் அல்ல. அமெரிக்கத் தெற்கின் மலைப்பகுதிகளில் காய்ச்சிய சாராயத்தை இரவோடு இரவாக நகரங்களுக்குக் கொண்டு சென்றவர்கள், வெளியே சாதாரணமாகத் தெரியும் கார்களின் எஞ்சினைக் கூர்மைப்படுத்தி, சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தாழ்ந்து காட்டிக்கொடுக்காதபடி வில்களைக் கடினமாக்கி வைத்திருந்தார்கள். டன்னவேயின் காரில் இருந்தவை அத்தகைய வில்களே. பகலில் யார் கார் வேகமானது என்ற வாக்குவாதம் எழும்போது, புழுதித் தடங்களில் பந்தயம் வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ஜூனியர் ஜான்சன் தம் குடும்பத்தின் சாராயத் தொழிலுக்காகச் சிறை சென்றவர். 1986-இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இதற்கு இணையாக டேடோனாவில் வேறொரு மரபும் இருந்தது. அங்குள்ள கடற்கரை மணல் அலை வற்றும்போது கெட்டியாக இறுகிவிடும் என்பதால், உலக வேகச் சாதனைகளுக்கு முயன்றவர்கள் அங்கே வந்தார்கள். 1936 முதல் 1958 வரை, பாதித் தடம் மணலிலும் பாதித் தடம் அதன் அருகே ஓடும் சாலையிலுமாகப் பந்தயங்கள் நடந்தன. அங்கே வசித்த பில் ஃப்ரான்ஸ், ஆளாளுக்கு விதி எழுதி, பரிசுப் பணத்தோடு ஓடிப்போகும் ஏற்பாட்டாளர்களும் இருந்த இத்தொழிலை ஒழுங்குபடுத்த எண்ணி, 1947 டிசம்பரில் ஸ்ட்ரீம்லைன் என்னும் ஓட்டலின் மாடியில் ஒரு கூட்டம் கூட்டினார். அதில் உருவான நாஸ்கார் 1948 பிப்ரவரியில் முறைப்படி பதிவானது.

பந்தயத் தளம் ஏன் அப்படிச் சாய்ந்திருக்கிறது?

வேகத்துக்காக என்பது சுருக்கமான பதில். தட்டையான சாலையில் வேகமாக வளையும் காரை உள்ளே இழுத்துப் பிடிக்க டயரின் உராய்வைத் தவிர வேறு துணையில்லை. சாலையே உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வு காரைத் தாங்கிக்கொள்ளும். ஃப்ரான்ஸ் 1959-இல் திறந்த டேடோனா தளத்தின் வளைவுகள் 31 பாகை சாய்வுள்ளவை. தாரும் சல்லியும் நழுவாமல் நிற்கும் எல்லைக்குள் எவ்வளவு செங்குத்தாகப் போட முடியுமோ அவ்வளவு போட வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது. தொலைக்காட்சியில் அந்தச் சாய்வு தெரியாது. நேரில் அதன்மேல் ஏறிப் பார்க்க முயல்பவர் கைகளையும் ஊன்றித்தான் ஏற வேண்டியிருக்கும்.

வடிவத்தை ஓவல் என்று சொன்னாலும், பார்வையாளர் பக்கத்து நேர்த்தடம் நடுவே சற்று முன்னோக்கி வளைந்திருப்பதால் அது உண்மையில் மூன்று மூலை கொண்டது. அங்கே 18 பாகை சாய்வு. இவ்வளவு மேடு எழுப்ப மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை மைதானத்தின் நடுவிலேயே இருக்கிறது. தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து, இன்று அது லாய்ட் ஏரி. 1960-இல் ஒரு கார் அதற்குள்ளேயே போய் விழுந்திருக்கிறது.

ஏன் எப்போதும் இடப்பக்கம் மட்டுமே திரும்புகிறார்கள்?

அமெரிக்கக் காரில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார். கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும்போது, வெளிச்சுவர் அவருக்கு வலப்பக்கம் அமைகிறது. அதாவது மோதினால் முதலில் நசுங்குவது அவர் இல்லாத பக்கம். அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களும் அதே திசையில்தான் ஓடுகின்றன என்பதால், கார்கள் வருவதற்கு முன்பே அந்தப் பழக்கம் அங்கே ஊறியிருந்தது. பாரம் எப்போதும் வலப்பக்க டயர்களின் மேலேயே விழுவதால், ஓவலுக்கான காரின் அமைப்பு இடம் வலம் சமமாக இருப்பதில்லை.

சுற்றிச் சுற்றி வருவதில் என்ன திறமை இருக்கிறது?

இதுவே அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி; கேட்பவர் பெரும்பாலும் கேலியாகத்தான் கேட்கிறார். டேடோனாவில் நல்ல காரை நல்ல காற்றில் ஒருவர் தனியாக ஓட்டினால், ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஒரு சுற்றை முடித்துவிடலாம் என்பது உண்மைதான். சிக்கல் என்னவென்றால், தனியாக ஓட்டினால் தோற்றுப்போவார்.

ஓடும் லாரிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்திருப்பவருக்கு இது சொல்லாமலே விளங்கும். முன்னால் போகும் வண்டி காற்றைப் பிளந்துகொண்டு போவதால், அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு போகிறவருக்கு எதிர்க்காற்று இல்லை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று கிட்டத்தட்ட ஒரு சுவராகிவிடும். அந்த வேகத்தில் எஞ்சின் தன் சக்தியில் பெரும்பகுதியை அச்சுவரைத் தள்ளுவதற்கே செலவிடுகிறது. பின்கார் முன்காரோடு ஒட்டும்போது, முன்காரின் பின்புறம் உருவாகும் சுழல்காற்று அடங்கி, முன்காரின் வேகமும் கூடுகிறது. ஆகவே இரண்டு கார்கள் சேர்ந்தால், தனியே ஓடும் எந்தக் காரையும்விட வேகமாகப் போகும். பத்துக் கார்கள் வரிசையாகச் சேர்ந்தால் இன்னும் வேகம். இதற்கு டிராஃப்டிங் என்று பெயர். 1960 பந்தயத்தில் மற்றவர்களுடையதைவிட வேகம் குறைந்த ஷெவர்லே காரை வைத்திருந்த ஜூனியர் ஜான்சன், வேகமான கார்களின் பின்னால் ஒட்டிக்கொண்டே ஓடி வென்றதற்குப் பிறகு, இந்த உத்தி எல்லோருடைய கையிலும் வந்துவிட்டது.

இதில்தான் ஆட்டத்தின் சுவை அடங்கியிருக்கிறது. ஒருவர் முந்துவதற்காக வரிசையை விட்டு வெளியே வந்தால், பின்னால் இருப்பவரும் கூடவே வந்து அவரைத் தள்ள வேண்டும். வராமல் விட்டுவிட்டால், தனியாக மாட்டிக்கொண்டவரைக் காற்று பிடித்து நிறுத்தி, அரைச் சுற்றுக்குள் பதினைந்து இடம் பின்னுக்குத் தள்ளிவிடும். எனவே 190-ஆவது சுற்றில் தம் பின்னால் இருக்கும் எதிராளியை நம்பலாமா, அவர் தம்மை வெற்றிவரை தள்ளுவாரா, கடைசி வளைவில் கைவிடுவாரா என்பதை ஓட்டுநர் கணித்தாக வேண்டும். அந்த எதிராளியும் வெல்லத்தான் வந்திருக்கிறார். ஒருவர் உதவியின்றி மற்றவர் வெல்ல முடியாது, இருவரும் வெல்லவும் முடியாது என்னும் இந்த நிலைமையில் கூட்டணிகள் சுற்றுக்குச் சுற்று மாறுவதைப் பார்க்கும்போது, தேர்தல் காலச் செய்திகளுக்குப் பழகிய நமக்கு அதொன்றும் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

வேகம்தான் நோக்கம் என்றால், எஞ்சின் சக்தியை ஏன் விதி போட்டுக் குறைக்கிறார்கள்?

1987-இல் டேடோனா தகுதிச்சுற்றில் பில் எலியட் மணிக்கு 210.364 மைல் வேகத்தில் ஓடினார். அதே ஆண்டு மே மாதம் அலபாமாவின் டல்லடேகா தளத்தில் பாபி அல்லிசனின் கார் டயர் வெடித்து, பின்னோக்கித் திரும்பி, காற்றில் எழும்பி, பார்வையாளருக்கு முன்னால் இருந்த கம்பிவேலியைக் கிழித்துவிட்டது. கார் இன்னும் சற்று உயரே எழும்பியிருந்தால் கூட்டத்திற்குள்ளேயே விழுந்திருக்கும். 1988 முதல், இவ்விரு தளங்களிலும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் குறைக்க, நான்கு துளைகள் இட்ட ஓர் உலோகத் தகட்டைப் பொருத்த வேண்டும் என்று விதித்தார்கள். 2019 டேடோனா 500-க்குப் பிறகு தகடு போய், அதே வேலையைச் செய்யும் வேறோர் அடைப்பு வந்தது. இப்போது மற்ற பல தளங்களில் 670 குதிரைசக்தி தரும் எஞ்சின், இங்கே 510 அளவில் மட்டுமே தருகிறது.

இந்த மருந்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. எல்லோருடைய சக்தியும் ஒரே அளவுக்குக் குறைந்துவிட்டதால், யாராலும் யாரையும் விட்டு விலகிப் போக முடிவதில்லை. முப்பது கார்கள் இரண்டு அல்லது மூன்று வரிசைகளில் ஒரே கும்பலாக, கைப்பிடி தூரத்தில், மணிக்கு 190 மைல் வேகத்தில் ஓடுகின்றன. நடுவில் ஒருவர் தடுமாறினால் பின்னால் வருபவர்கள் ஒதுங்க இடமே இல்லை. ஒரே நொடியில் இருபது கார்கள் சிதறும் அத்தகைய விபத்தை ரசிகர்கள் 'பெரியது' என்றே பெயரிட்டு, அது எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். காத்திருப்பது எனக்கு உவப்பானதல்ல. ஆனால் அது வராத ஆண்டுகள் மிகக் குறைவு.

மஞ்சள் கொடி காட்டினால் என்ன ஆகும்?

விபத்தோ, தடத்தில் கழிவுப்பொருளோ இருந்தால் மஞ்சள் கொடி. எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்து, முன்னோடிக் காரின் பின்னால் வரிசையாகச் செல்ல வேண்டும். ஒருவர் பாடுபட்டுச் சேர்த்த பத்து நொடி முன்னிலை அந்தக் கணமே காணாமற்போய்விடும். முன்பெல்லாம் மஞ்சள் கொடி காட்டிய பிறகும் கோடுவரை போட்டியிட்டு ஓடலாம். விபத்தில் நின்ற காரை நோக்கி மற்றவர்கள் பாய்ந்து வரும் அந்த ஆபத்தான வழக்கத்தை 2003-இல் நிறுத்தினார்கள். அதற்கு ஈடாக, ஒரு சுற்றுப் பின்தங்கியவர்களில் முதல்வருக்கு இழந்த சுற்று திரும்பக் கிடைக்கும்.

மற்றக் கொடிகள் எளியவை. பச்சை ஓட்டத்துக்கு, சிவப்பு நிறுத்தத்துக்கு, கறுப்பு தவறிழைத்தவரை உள்ளே அழைக்க, வெள்ளை கடைசிச் சுற்றுக்கு, கட்டம் போட்ட கொடி முடிவுக்கு.

பிட் நிறுத்தத்தில் என்ன நடக்கிறது?

20 கேலன் தொட்டி நிறைந்த எரிபொருள் சுமார் 40 சுற்றுகளுக்குத்தான் வரும் என்பதால், தடத்தை ஒட்டிய பிட் என்னும் சேவை இடத்துக்குப் பலமுறை வந்தே ஆக வேண்டும். பிட் சாலையில் வேகவரம்பு 55 மைல். அதைத் தாண்டியவருக்குத் தண்டனை உண்டு. கார் தன் கட்டத்தில் நிற்பதற்கு முன்பே, தாழ்வான சுவரைத் தாண்டி ஐந்து பேர் குதிப்பார்கள். ஒருவர் ஜாக்கியுடன் வலப்பக்கம் ஓடி ஒரே அழுத்தில் காரைத் தூக்க, இருவர் காற்றுத் துப்பாக்கியால் நட்டைக் கழற்ற, நான்காமவர் புது டயர்களைச் சுமந்து வந்து கொடுக்க, ஐந்தாமவர் தோளில் ஏந்திய பெரிய குவளையை எரிபொருள் வாயில் சொருகிச் சாய்த்துப் பிடித்திருப்பார். இங்கே பம்பு இல்லை. எரிபொருள் தன் எடையால் தானே இறங்க வேண்டும். வலப்பக்கம் முடிந்ததும் கார் தொப்பென்று இறங்கும். அதே ஆட்கள் முன்புறமாகச் சுற்றி ஓடி இடப்பக்கம் போவார்கள். நான்கு டயர்களும் மாற பத்து நொடிகூட ஆகாது. இந்த வேலைக்குக் கல்லூரிக் கால்பந்தாட்ட வீரர்களைத் தேடி எடுத்துப் பயிற்றுவிக்கிறார்கள் என்பதை அறிந்தால், அந்த ஓட்டத்தின் வேகம் வியப்பளிக்காது.

டேடோனாவில் பல சமயம் டயரை மாற்றாமலே விட்டு, எரிபொருளை மட்டும் ஊற்றிக்கொண்டு ஓடிவிடுவார்கள். இங்கே டயரின் தேய்மானத்தைவிட, கும்பலோடு சேர்ந்து வெளியே வருவதுதான் முக்கியம். தனியாக வெளியே வந்தவரின் கதியை மேலே பார்த்தோம்.

ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பது எப்படித் தெரிகிறது?

பெரும்பாலும் தெரிவதில்லை. தலைக்கவசமும், தலையை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் இருக்கையும், ஜன்னல் வலையும் பார்வையை அடைத்துவிடுகின்றன. ஆகையால் ஒவ்வொருவருக்கும் ஸ்பாட்டர் என்னும் ஓர் ஆள், பார்வையாளர் மாடத்தின் உச்சியில் தொலைநோக்கியோடு நின்று, வானொலி வழியாக, 'உள்ளே ஒருவர்', 'இன்னும் உள்ளே', 'விலகிவிட்டார்' என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். மூன்றரை மணி நேரமும் ஓட்டுநர் அந்தக் குரலை நம்பித்தான் பக்கவாட்டில் நகர்கிறார். ரசிகர்களும் இந்த உரையாடலைக் கேட்கலாம். காதில் அதை மாட்டிக்கொண்டு பார்ப்பவருக்கு அந்தப் பந்தயம் முற்றிலும் வேறாகத் தெரியும்.

200 சுற்று என்று சொல்லிவிட்டு ஏன் அதற்கு மேலும் ஓடுகிறார்கள்?

கடைசிச் சுற்றுகளில் மஞ்சள் கொடி வந்தால், ஊர்வலமாகப் போய் முடிப்பதை யாரும் விரும்புவதில்லை. எனவே தடத்தைச் சுத்தம் செய்து, மீண்டும் பச்சைக் கொடி காட்டி, இரண்டு சுற்றுகள் ஓடவிடுகிறார்கள். அதிலும் விபத்து நேர்ந்தால் மறுபடியும் முயற்சி. 2023-இல் ரிக்கி ஸ்டென்ஹவுஸ் ஜூனியர் வென்றபோது 212 சுற்றுகள் ஆகியிருந்தன. வரலாற்றில் மிக நீண்ட டேடோனா 500 அதுவே. தவிர, 2017 முதல் பந்தயம் மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, முதல் இரு கட்டங்களின் முடிவிலும் முன்னணியில் இருப்பவர்களுக்குப் புள்ளிகள் தரப்படுகின்றன.

முதல் பந்தயத்தின் முடிவு மூன்று நாள் கழித்துத் தெரிந்தது என்கிறார்களே?

ஆம். 1959 பிப்ரவரி 22 அன்று 59 கார்கள் ஓடின. பந்தயம் முழுவதும் ஒரு மஞ்சள் கொடிகூட வரவில்லை. முடிவுக்கோட்டை மூன்று கார்கள் அருகருகே தாண்டின. வெளிப்புறம் ஜோ வெதர்லியின் கார். அவர் சுற்றுகளில் பின்தங்கியவர், ஆகவே கணக்கில் இல்லை. நடுவே லீ பெட்டியின் ஓல்ட்ஸ்மொபீல், உட்புறம் ஜானி போஷாம்பின் தண்டர்பேர்ட். நடுவர்கள் போஷாம்பையே வென்றவர் என்று சொல்லி, வெற்றியாளர் இடத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். பெட்டி அதை ஏற்கவில்லை. அன்றைக்குக் கோட்டில் தானியங்கிக் கேமரா கிடையாது. யாரிடம் படம் இருக்கிறதோ அனுப்புங்கள் என்று ஃப்ரான்ஸ் கேட்டுக்கொள்ள, புகைப்படங்களும் செய்திப்படச் சுருளும் வந்து சேர்ந்தன. சுமார் இரண்டடி வித்தியாசத்தில் பெட்டிதான் முந்தினார் என்று புதன்கிழமை அறிவித்தார்கள். மூன்று நாட்களும் நாளிதழ்கள் புதிய தளத்தைப் பற்றியே எழுதின என்பதால், அந்தக் குழப்பத்தில் ஃப்ரான்ஸ் இழந்தது ஒன்றுமில்லை.

இன்று ஒவ்வொரு காரிலும் பொருத்திய கருவி ஆயிரத்தில் ஒரு நொடிவரை அளக்கிறது. 2016-இல் டென்னி ஹாம்லின் வென்றது 0.010 நொடி வித்தியாசத்தில்.

மறக்க முடியாத முடிவுகள் எவை?

லீ பெட்டியின் மகன் ரிச்சர்ட் பெட்டி இந்தப் பந்தயத்தை ஏழு முறை வென்றவர். அவர் தோற்ற ஒன்றும், எதிர்பாராமல் வென்ற ஒன்றும்தான் அதிகம் பேசப்படுகின்றன.

1976-இல் கடைசிச் சுற்றின் கடைசி வளைவில், டேவிட் பியர்சனை முந்திய பெட்டியின் கார் அவர் காரோடு உரச, இரண்டும் சுவரில் மோதிச் சுழன்றன. பெட்டியின் கார் முடிவுக்கோட்டுக்குச் சில கஜ தூரத்தில் புல்வெளியில் நின்று, எஞ்சின் அணைந்துவிட்டது. பியர்சன் மட்டும் சுழலும்போதே க்ளட்சை மிதித்து எஞ்சினை அணையவிடாமல் காத்திருந்தார். முன்பகுதி நசுங்கிய காரை, மணிக்கு 20 மைல் அளவிலான வேகத்தில், நடந்து போகிறவர் பொறுமையோடு ஊர்ந்து ஓட்டிக் கோட்டைத் தாண்டி வென்றார். உலகின் மிக வேகமான பந்தயங்களுள் ஒன்றை இவ்வளவு மெதுவாக வென்றவர் வேறு யாரும் இருக்க முடியாது.

1979-இல் முதல்முறையாகப் பந்தயம் தொடக்கம்முதல் இறுதிவரை தேசியத் தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது. அன்று கிழக்குப் பகுதியில் பனிப்புயல். வெளியே போக முடியாத மக்கள் வீட்டில் இருந்தபடியே பார்த்தார்கள். கடைசிச் சுற்றில் டானி அல்லிசனும் கேல் யார்பரோவும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சுவரில் மோதி நிற்க, பின்னால் வெகுதூரத்தில் வந்துகொண்டிருந்த பெட்டி வென்றார். அதன்பின் டானியின் அண்ணன் பாபியும் வந்து சேர, புல்வெளியில் கைகலப்பு நடந்ததைக் கேமரா காட்டியது. தெற்கத்தியரின் விளையாட்டாக இருந்தது நாடு முழுவதும் அறிமுகமானது அந்த மாலையில்தான் என்பார்கள்.

டேல் ஏர்ன்ஹார்ட் இறந்தது எப்படி?

ஏழு முறை தொடர்ச் சாம்பியனான அவர், டேடோனா 500-ஐ மட்டும் வெல்ல முடியாமல் இருபதாவது முயற்சியில், 1998-இல்தான் வென்றார். அன்று பிட் சாலை நெடுக எல்லா அணிகளின் ஆட்களும் வரிசையில் நின்று அவர் கையைத் தொட்டு வாழ்த்தினார்கள். 2001 பிப்ரவரி 18 அன்று, தம் அணியின் மைக்கேல் வால்ட்ரிப்பும் தம் மகனும் முதல் இரண்டு இடங்களில் போய்க்கொண்டிருக்க, மூன்றாவதாக வந்த அவர், கடைசிச் சுற்றின் நான்காம் வளைவில் சுவரில் மோதினார். காணொளியில் அது பெரிய விபத்தாகவே தெரியாது. கார் உருளவில்லை, தீப்பிடிக்கவில்லை. ஆனால் உடல் வாரில் கட்டுண்டு நிற்க, தலை மட்டும் முன்னோக்கி வீசப்பட்டதால், மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து அவர் உயிரிழந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில், தலைக்கவசத்தைத் தோளோடு பிணைக்கும் ஹான்ஸ் போன்ற கருவியைக் கட்டாயமாக்கினார்கள். பின்னர், மோதலின் விசையை உள்வாங்கும் மெத்தைச் சுவர்கள் தளங்களில் எழுந்தன. அன்றுமுதல் கப் தொடரில் எந்த ஓட்டுநரும் பந்தயத்தில் இறக்கவில்லை. 2020-இல் முடிவுக்கோட்டுக்கு அருகே ரயன் நியூமனின் கார் தலைகீழாகப் பறந்து, மற்றொரு காரால் இடிக்கப்பட்டபோது, பார்த்த எவரும் அவர் பிழைப்பார் என நினைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தம் இரு மகள்களின் கையைப் பிடித்தபடி மருத்துவமனையிலிருந்து நடந்தே வெளியே வந்தார்.

பெண்களும் கறுப்பினத்தவரும் இதில் ஓட்டியிருக்கிறார்களா?

1977-இல் ஜேனட் கத்ரி டேடோனா 500-இல் ஓட்டிய முதல் பெண்ணாகி 12-ஆம் இடம் பெற்றார். 2013-இல் டானிகா பாட்ரிக் தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்து, பந்தயத்தில் எட்டாவதாக வந்தார். கறுப்பினத்தவரில் வெண்டல் ஸ்காட் 1963 டிசம்பரில் ஃப்ளோரிடாவின் ஜாக்ஸன்வில் நகரில் ஒரு பந்தயத்தை வென்றபோது, வென்றவர் வேறொருவர் என்று அறிவித்துக் கோப்பையையும் அந்த இன்னொருவருக்கே கொடுத்தார்கள். ரசிகர்கள் கலைந்து போன பிறகே கணக்கு திருத்தப்பட்டது. பபா வாலஸ் 2018 டேடோனா 500-இல் இரண்டாமிடம் பெற்றார்.

மழை பெய்தால்?

நிறுத்திவிடுவார்கள். வரியற்ற வழுவழுப்பான டயர்களோடு, 31 பாகைச் சாய்வில், நனைந்த தளத்தில் அந்த வேகத்தில் ஓட முடியாது. சூடான காற்றை ஊதும் வண்டிகளைக் கொண்டு தளத்தைக் காயவைப்பதற்கே மணிக்கணக்கில் ஆகும். 2012-இல் ஞாயிறு பெய்த மழையால் திங்கள் இரவுக்குத் தள்ளிப்போன பந்தயத்தில், ஹுவான் பாப்லோ மோன்டோயாவின் கார் கட்டுப்பாடிழந்து, அப்படியொரு ஜெட் எஞ்சின் வண்டியிலேயே மோத, விமான எரிபொருள் கொட்டித் தளமே பற்றி எரிந்தது. மோன்டோயாவுக்கும் அந்த வண்டியை ஓட்டியவருக்கும் பெரிய காயமில்லை. தீயை அணைத்து, தளத்தைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவி, பந்தயத்தை நள்ளிரவுக்குப் பிறகு முடித்தார்கள்.

தமிழ்நாட்டைச் சேர்ந்த யாராவது நாஸ்காரில் ஓட்டியதுண்டா?

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான அவரேதான், 2010-இல், பிக்கப் டிரக்குகள் ஓடும் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் என்னும், அரை மைல் அளவேயான குறுகிய ஓவலில் முதல் பந்தயத்தை 13-ஆம் இடத்தில் முடித்தார். அந்த ஆண்டு டிரக் தொடரில் ரசிகர்களின் வாக்கில் மிகவும் விருப்பமான ஓட்டுநராகத் தேர்வானவரும் அவர்தான். அந்த வாக்கில் நம் ஊர்க்காரர்களின் பங்கு இல்லாமல் இருந்திருக்காது.

முதல்முறை பார்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் காரைப் பார்க்க வேண்டாம். கடைசிப் பத்துச் சுற்றுகள் வரும்போது, இரண்டாவது, மூன்றாவது இடங்களில் இருப்பவர்களைப் பாருங்கள். இரண்டாமவர் முன்காரோடு ஒட்டுகிறாரா, அல்லது வேண்டுமென்றே ஒரு கார் அளவு இடைவெளி விட்டுப் பின்தங்குகிறாரா என்பது முக்கியம். இடைவெளி விடுகிறார் என்றால், பின்னால் வருபவர் தம்மை முட்டித் தள்ளும் அந்த உந்துதலுக்காகக் காத்திருக்கிறார் என்று பொருள். முதலாமவரின் ஸ்பாட்டரும் அதைப் பார்த்திருப்பார். முன்கார் வரிசை மாறி மாறி வழிமறிக்கத் தொடங்கும். வெள்ளைக் கொடி காட்டும்போது பின்னால் இருக்கும் இரண்டு கார்களின் மூக்குகள் சற்றே வெளியே எட்டிப் பார்த்தால், மூன்றாம் வளைவுக்குள் அவற்றில் ஒன்று வெளியே பாயும். மற்றது கூடப் போகுமா என்பது அந்தக் கணம்வரை அதன் ஓட்டுநருக்கே தெரியாது.